பத்தொன்பது காந்தங்கள்

அந்த டீச்சரம்மா போன் செய்தபோது நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, முன்னறையில் ஒரு டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஒன்னோட மணி அடிக்கவே இல்ல. ரெண்டு மணி நேரமா தண்ணி தெருவுல ஓடியிருக்கு. ஆளுக எல்லாம் வாசல்ல வந்து நிக்கிறாக. செத்த வந்துட்டுப் போறியா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உதைப்பாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

திண்டுக்கல்லில் ரேடியோ, டிவி, மிக்ஸி என்று வீட்டு முன்னறையில் வைத்தே ரிப்பேர் பார்க்கிறவள் நான். என் கணவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். நான் ரிப்பேர் வேலைக்கு நடுவே சொந்தமாகச் செய்த ஒரே சாமான் இந்த மணிதான். மாடித் தொட்டி நிறைந்தால் அடுப்படியில் ஒரு மணி கிர்ரென்று அடிக்கும். போய் மோட்டாரை நிறுத்திவிடலாம். தொட்டிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று தொங்கும். அதன் உள்ளே, காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு ஸ்விட்ச். குழாயைச் சுற்றி ஒரு மிதவை, மிதவையின் தலையில் ஒரு காந்தம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மிதவை ஏறினால் மணி அடிக்கும். அவ்வளவுதான் அதன் ரகசியம். 'தண்ணி மணி' என்று தெருக்காரர்களே பேர் வைத்துவிட்டார்கள். மொத்தம் இருபத்தேழு செய்தேன்.

டீச்சரம்மா பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசல்படியில் நின்றுகொண்டிருக்க, எதிர்வீட்டு அம்மா இடுப்பில் காலிக் குடத்துடன் கத்திக்கொண்டிருந்தார்.

"நாளு கணக்காக் காத்துக் கெடந்து புடிக்கிற தண்ணிய இப்புடியா தெருவுல விடுவீக? கேட்டா மணி அடிக்கலையாம்!"

"அந்த மணியச் செஞ்சது நான்தாங்க," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. டீச்சரம்மா மேல் இருந்த கூட்டத்தின் கண்கள் என் பக்கம் திரும்பியதில் ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. அப்புறம் எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தும் பேச வேண்டியதைப் பேசி முடித்தார். நான் மாடிக்கு ஏறினேன்.

தொட்டி மூடியைத் திறந்து மிதவையை வெளியே இழுத்தேன். வெள்ளிக் காசு மாதிரி மினுங்கிக்கொண்டிருந்த காந்தம் இருந்த இடத்தில் பழுப்பாக உப்பிய ஒரு கட்டிதான் இருந்தது. மேலே இருந்த பளபளப்பான தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து நின்றது. விரலை வைத்தேன். உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை நீட்டினால் இரண்டொரு துண்டுகள் மட்டும் சோம்பலாக வந்து ஒட்டின. மிச்சமெல்லாம் வெறும் துருத்தூள். நான் சுற்றிலும் வைத்து அடைத்திருந்த பசை, வழவழப்பான அந்த உலோகத்தில் பிடிக்காமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது.

தொட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம். அந்தத் தண்ணீரில்தான் டீச்சரம்மா காபி போடுகிறார்.

நான் அந்தத் தொட்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் கணக்கு உறைத்தது. இது ஒன்று மட்டுமில்லை.

முதலில் செய்த எட்டு மணிகளுக்குப் பழைய டிவி ஸ்பீக்கர்களை உடைத்து, அதிலிருந்த கறுப்பு வளையக் காந்தத்தை எடுத்துப் போட்டேன். பார்க்க நன்றாக இருக்காது. கல்மாதிரி கனம், கீழே போட்டால் ஓடுபோல உடையும், இழுப்பும் கம்மி. அதைத் தூக்க மிதவையையே பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் மதுரையில் ஒரு கடையில் அந்த வெள்ளிக் காந்தங்களைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுதான். இரண்டை ஒட்டவிட்டால் பிரிக்க மூச்சு முட்டும். மிதவை எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்டது. சின்னதாக, அழகாக ஒன்றைச் செய்துவிட்டோம் என்று எனக்கு அம்புட்டுப் பெருமை. அந்தப் பெருமையில் பத்தொன்பது செய்து கொடுத்திருந்தேன்.

அன்று மத்தியானம் கணவர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, அவுக கேட்டாக, மாத்திக் குடுத்துரு. முடிஞ்சது. மத்தவுக யாரும் கேக்கலைல்ல?"

"கேக்கலைதான். ஆனா எல்லாம் கெட்டுப்போயிருக்கும்ங்க. இல்லாட்டி இனிமே கெட்டுப்போகும்."

"இந்தா பாரு, நீயாப் போயி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி நான் குடுத்தது சரியில்லைன்னு சொல்லுவியா? நாளைக்கு ஒரு மிக்ஸியாச்சும் ஓங்கிட்டக் குடுப்பாகளா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போனை வைத்துவிட்டு டிவியின் முன்னால் உட்கார்ந்தேன். எந்த ஸ்க்ரூவை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. எழுந்து போய்க் குழம்பைப் பார்த்தேன். அடுப்பைப் பற்ற வைக்காமலே கிளறிக்கொண்டு நின்றேன். வெளியே ஏதோ ஒரு வீட்டு மாடியில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடிப் பார்த்தால் பக்கத்து வீட்டில் வண்டி கழுவுகிறார்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு எந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலும் எனக்குக் கால் தானாக வாசலுக்குப் போனது.

ஒருவேளை டீச்சரம்மா வீட்டுக் காந்தம் மட்டும்தான் மட்டமோ என்று ஒரு ஆசை இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் மேடையில் வரிசையாக ஊறுகாய் பாட்டில்களை வைத்தேன். சில பாட்டிலில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும் உப்பு. சிலவற்றில் குழாயில் வருகிற நல்ல தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு காந்தம். பளபளப்பு கெடாத வெள்ளிக் காந்தம் ஒன்று, ஓரத்தில் கொஞ்சம் சிராய்ந்த வெள்ளிக் காந்தம் ஒன்று, ஸ்பீக்கரின் கறுப்பு வளையம், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டை, பழைய மீட்டர் ஒன்றிலிருந்து எடுத்த லாடம் போன்ற காந்தம். முதல் நாளே ஒவ்வொன்றும் எத்தனை ஊக்குகளைத் தூக்குகிறது என்று பார்த்து வைத்தேன்.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த ஜன்னலுக்குப் போனேன். பார்த்ததையே பார்த்தால் துரு வேகமாக வந்துவிடுமா? தெரிந்தே போனேன். சிராய்ந்த வெள்ளிக் காந்தம் உப்புத் தண்ணீரில் நான்காம் நாளே பழுப்புக் கண்ணீர் விட ஆரம்பித்தது. நல்ல தண்ணீரில் இருந்தது இன்னும் சில நாள் தாக்குப் பிடித்தது, பிறகு அதிலும் அதே பழுப்பு. சிராய்ப்பு இல்லாதது மட்டும் மினுமினுவென்று அசையாமல் கிடந்தது. ஆனால் நான் ஒவ்வொரு மிதவையிலும் காந்தத்தைக் குறடால் பிடித்துத்தான் அழுத்தியிருந்தேன். சிராய்ப்பு இல்லாமல் ஒன்றுகூட இருக்காது.

லாடக் காந்தத்தில் பெயிண்ட் போன இடத்தில் லேசாகத் துரு கட்டியது, ஊக்கு தூக்குவதில் குறையவில்லை. ரப்பர்ப் பட்டை வழுவழுவென்று பாசி பிடித்ததோடு சரி. கறுப்பு வளையத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தால் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அது ஏற்கெனவே துருவைச் சுட்டுச் செய்த பொருள், அதற்கு மேல் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அழகாயில்லை என்று நான் ஒதுக்கி வைத்த காந்தம் அது.

மூன்றாம் வாரம் சிராய்ந்த வெள்ளிக் காந்தத்தைக் கையில் எடுத்தேன். ஒரு ஊக்கைக்கூட அது தூக்கவில்லை. அன்றைக்கே பழைய ஸ்பீக்கர்கள் இருந்த மூட்டையை அவிழ்த்து உடைக்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். காலையில் சமைத்துவிட்டு இரண்டு மிதவை, குறடு, வாளி, தேய்க்க ஒரு பிரஷ், எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். பலர் நல்லபடியாக நடத்தினார்கள். ஒரு வீட்டில் மணி நின்றுபோனதையே கவனிக்கவில்லை. ஒரு வீட்டில், "இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் எம் பிள்ளைக்கு வயித்து வலியா?" என்று கேட்டார்கள். அந்தத் தூள் உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டவர்களும் திட்டமாக எதுவும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலைங்க. ஆனா தொட்டியில அது இருக்கக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டு அடிவரை தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை மறுநாளே பள்ளிக்கூடம் போனான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பதினேழு முடிந்தது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்று கீரனூரில், என் கணவரின் அக்கா வீட்டில் இருந்தது.

அந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணி தோட்டத்தில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நான் ஒரு தண்ணி மணியைச் செய்து, டப்பாவில் போட்டு, ரோஜா நிறக் காகிதம் சுற்றிக் கொண்டுபோனேன். சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பித்தளை, வெள்ளிச் சாமான்களுக்கு நடுவில் அண்ணி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு குத்துவிளக்கு வாங்கத் தோணலை பாருங்க, ஒயரைக் கொண்டாந்து நீட்டுறா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். பிறகு ஒரு நாள் என் கணவர்தான் போய் அதை மாட்டிவிட்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நானே போய், நான் கொடுத்தது கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு வாரமும் செய்த வேலை எதுவும் உருப்படவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கணவரிடம்கூடச் சொல்லாமல் பழனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் எழுந்து நின்றுகொண்டேன். "எறங்குற எடம் இன்னும் வரலைம்மா," என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார்.

அண்ணி வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க. உக்காருங்க. தம்பி வரலீங்களா?"

திண்டுக்கல்லில் பிறந்தவர்தான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சாகவே மாறிவிட்டது. ஆனால் என்னை எப்போதும் 'வா, போ' என்றுதான் சொல்வார். இந்த மரியாதை புதுசு. கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

"லோடு ஏத்திப் போயிருக்காக அண்ணி. நான் ஒரு விஷயமாத்தான் வந்தேன். அந்தத் தண்ணி மணி கெட்டுப்போயிருக்கும். மாத்திக் குடுத்துட்டுப் போலாம்னு…"

"அது நின்னு அஞ்சாறு மாசமாச்சுங்க."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணி."

"எப்படிங்க பண்றது? குடுத்தன்னிக்கே நான் அப்படிப் பேசிப்போட்டேன். இப்பக் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, குத்தம் சொல்லத்தான் கூப்புடறேன்னு நெனைப்பீங்க."

உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். டம்ளரை இடது கையால் நீட்டினார். விசேஷ வீட்டில் ஒரு பூவைக்கூட இடது கையால் வாங்காதவர் அவர். நான் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டு ஒரு பக்கமாகப் புடைத்து, லேசாகக் கோணி இருந்தது.

"கை என்ன அண்ணி ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. காபி ஆறுது."

அந்த நேரத்தில் அவருடைய கணவர் தோட்டத்திலிருந்து வந்தார். நான் கேட்டது அவர் காதில் விழுந்திருந்தது.

"ஒண்ணுமில்லையா? நாலு மாசத்துக்கு முன்னால ஏணியில இருந்து உழுந்து கை ஒடிஞ்சு போச்சும்மா. மணி நின்னதுல இருந்து நித்தம் காலையில ஏணி போட்டு ஏறித் தொட்டி நெறஞ்சுதான்னு பாப்பா. மழை பேஞ்ச ஈரம். வழுக்கிப்போட்டுது."

டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"அவுககிட்டக்கூடச் சொல்லலையே அண்ணி. கூடப் பொறந்த தம்பிதானே?"

"தம்பிகிட்டச் சொன்னா உங்ககிட்டச் சொல்லும். நீங்க வருத்தப்படுவீங்க, இல்லாட்டிச் சிரிப்பீங்க. ரெண்டும் எனக்கு வேண்டாம்னு இருந்துட்டேனுங்க."

நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். அதே ஏணி சாய்ந்து நின்றது. ஏறினேன். பாதி ஏறியபோது ஏணி ஆடாமல் நிற்கிறதே என்று கீழே பார்த்தேன். அண்ணி தோளைக் கொடுத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கே தண்ணீர் கடும் உப்பு. திறந்து பார்த்தால் காந்தம் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. மிதவையின் தலையில் பழுப்பாக ஒரு குழிதான் இருந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் தென்னை மரங்களுக்குத் திறந்துவிட்டோம். நான் உள்ளே இறங்கித் தேய்த்தேன். அண்ணியின் கணவர் ஏணியில் நின்று வாளி வாளியாக வாங்கிக் கொட்டினார். கறுப்பு வளையம் போட்ட மிதவையை மாட்டிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். தொட்டி நிறைகிறவரை நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் நின்றோம். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் கிர்ரென்று மணி அடித்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குரல், "ஏனுங்க, உங்கூட்டு மணி மறுபடியும் அடிக்குதுங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டது.

"முன்னாடி இந்தச் சத்தத்தை வெச்சுத்தான் அவிங்களும் மோட்டாரை நிறுத்துவாங்க," என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமல்.

"என்னாலதான் அண்ணி உங்க கை இப்படி ஆச்சு."

"ஏணி வழுக்குச்சு. ஒன்னோட காந்தமா என்னயப் புடிச்சுத் தள்ளுச்சு? இருந்து சாப்பிட்டுப் போ."

'போ' என்றார். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன். அன்றைக்கு வெஞ்சனத்துக்குக் காயை நான்தான் நறுக்கினேன். அவரால் இன்னும் கத்தியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. சாப்பிடும்போது இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மக்காச்சோளத்தைப் பற்றியும் மட்டும் பேசினோம். வேறு எதையும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பழனி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கணவருக்குப் போன் செய்தேன். அண்ணியின் கை ஒடிந்ததைச் சொன்னேன்.

"எங்கக்காவுக்குக் கை ஒடிஞ்சு நாலு மாசம். மாசத்துக்கு நாலு தடவை அந்தப் பக்கத்து ரோட்டுலதான் போறேன். எனக்குத் தெரியல. என்ன பொழப்பு இது?" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்கு வராமல் நேராகக் கீரனூர் போய், அக்காவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் வந்தார். கை இனிமேல் முழுசாக நேராகாதாம், பயிற்சி செய்தால் பிடிமானம் வரும் என்றாராம் டாக்டர். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள், ஸ்பீக்கர் உடைக்கிற சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி, "எத்தனை வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும். ஒரு வீடுதான் பாக்கி."

அந்த ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஊருக்கு வெளியே, சிறுமலை போகிற பக்கம். நான் மணி மாட்டிக் கொடுத்த வாடகைக்காரர்கள் அடுத்த சில நாளிலேயே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். நாலைந்து தடவை அந்தத் தெருவில் போய்க் கீழே நின்று மாடித் தொட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நம்பர் வாங்கி வீட்டுக்காரரிடம் பேசினேன்.

"அந்த வீட்டுல ஆளே இல்லையேம்மா. காலி வீட்டுத் தொட்டியில என்ன பாக்கப் போற?" என்று சிரித்தார்.

"ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி சார்."

சாவி பக்கத்து வீட்டில்தான் இருந்தது. அந்த அம்மாவும் கூடவே மாடிக்கு வந்தார். தொட்டி மூடியைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த மண்ணும் ஒரு பல்லி முட்டை ஓடும். மிதவை குழாயின் அடியில் உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் வெள்ளிக் காந்தம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலவே வெயிலில் கண்ணைப் பறித்தது. குறடை நீட்டியதும் டக்கென்று பாய்ந்து ஒட்டிக்கொண்டது. பிடுங்கப் பலம் போட வேண்டியிருந்தது.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வெறும் தொட்டியின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

"அது நல்லாத்தானே இருக்கு? அப்படியே விட்டுட்டு வாங்க," என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"நாளைக்கு யாராச்சும் குடி வந்து தண்ணி ஏத்துவாகல்ல," என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றிக் கறுப்பு வளையத்தை மாட்டினேன். படியில் இறங்கும்போது என் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தேன். குடி வந்தால் மறக்காமல் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். கேட்டைத் தாண்டிய பிறகு, மறந்துவிடுவாரோ என்று திரும்பிப் போய் இன்னொரு தடவையும் சொல்லிவிட்டு வந்தேன்.